‘ஸ்டார்ட்’ என்று ஒரு தந்தி

போன மாதம் எங்கள் இலாகாவின் பழைய ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வேலூரில் ஓர் ஓட்டலில் கூடினோம். தந்தித் தாளைக் கண்ணால்கூடப் பார்த்திராத புது ஊழியர்கள் சிலரும் வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு நடுவில் அவர்களில் ஒரு பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “சார், உங்க சர்வீஸ்ல நீங்க அதிகமா அடிச்ச வார்த்தை எது?”

“ஸ்டார்ட்” என்றேன். யோசிக்கவே இல்லை.

“எதை சார் ஸ்டார்ட் பண்றது?” என்று கேட்டுச் சிரித்தாள். பழைய ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. எதிரே இருந்தவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அந்தப் பெண்ணுக்கு அங்கே பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் ஆரணி தந்தி ஆபீசில் பத்தொன்பது வருஷம் இருந்தவன். சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். சென்னையில் சில மாதம் பயிற்சி, அப்புறம் இரண்டு மூன்று ஊர்கள், கடைசியில் ஆரணி. பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புள்ளியும் கோடும் தூக்கத்தில்கூட விரலில் துடிக்கும், அவ்வளவுதான்.

ஆரணியில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் ‘ஸ்டார்ட்’ தெரியும். விசைத்தறி மோட்டாரை ஸ்டார்ட் பண்ணுவார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று உதைத்துக்கொண்டே நிற்பார்கள். கல்யாண வீட்டில் பந்தி ஸ்டார்ட் ஆயிடுச்சா என்று எட்டிப் பார்ப்பார்கள். அதெல்லாம் சாதாரண ஸ்டார்ட். தந்தித் தாளில் வருகிற ஸ்டார்ட் வேறு ரகம். வீட்டில் பெரியவர் ஒருவர் போய்விட்டால், வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு ‘ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி’ என்று போகும். அப்பாவுக்கு உடம்பு மோசம், உடனே கிளம்பு என்று பொருள். ஆனால் அப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்திவிட்டுத்தான் எங்களிடம் வந்திருப்பார்கள். வாங்குகிறவனுக்கும் அது தெரியும். “ஸ்டார்ட் வந்துகீது” என்று தெருவில் ஒருவர் சொன்னால், எந்த வீட்டுக்கு என்றுதான் கேட்பார்கள். என்ன விஷயம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த வழக்கத்தை ஊரே வைத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆபீசில் அதைச் சட்டமாகவே ஆக்கியவர் வேதாசலம் சார். அவர்தான் எனக்கு மேலதிகாரி. ஒல்லியான மனிதர். எவ்வளவு வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பித்தானைக் கழற்ற மாட்டார். கவுண்டருக்கு உள்பக்கம் கைப்பிடி வைத்த மரநாற்காலி ஒன்று போட்டிருந்தார். சாவுத் தந்தி கொடுக்க வருகிறவர்கள் அதில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். “நின்னுகிட்டு அழுதா வார்த்தை சரியா வராது” என்பார். பக்கத்திலேயே ஒரு மண்பானை, மேலே எவர்சில்வர் சொம்பு. முதலில் தண்ணீர் கொடுப்பார். பிறகு தாளை வாங்கி, சிவப்புப் பென்சிலின் மழுங்கின முனையால் ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டு எண்ணுவார். ‘எக்ஸ்பயர்டு’ என்று யாராவது எழுதியிருந்தால் பென்சிலைத் திருப்பிப் பிடித்து ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே ‘சீரியஸ்’ என்று எழுதுவார். பின்னால் ‘ஸ்டார்ட்’ சேர்ப்பார்.

ஏன் சார் என்று வந்த புதிதில் ஒரு தடவை கேட்டேன்.

“செத்துட்டாங்கன்னு படிச்சிட்டு ஒருத்தன் ரயில்ல ஏறினான். பாதி வழியில கதவைத் திறந்துட்டான். அந்தத் தந்தி நான் அடிச்சது” என்றார்.

இப்போது குப்பம்மாவுக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மத்தியான வேளை. கவுண்டரில் கூட்டமில்லை. ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண்மணி சுவரைப் பிடித்துக்கொண்டே படியேறி வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. தறிக்காரர்களுக்குத் தார் சுற்றி, அதாவது நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைக்கிறவள், விரலெல்லாம் பட்டு நூல் அறுத்த கோடுகள். நாற்காலியில் விழுந்த மாதிரி உட்கார்ந்து, கேட்காமலே பானையிலிருந்து மொண்டு மொண்டு மூன்று சொம்பு தண்ணீர் குடித்தாள்.

“இருவது நாளா காய்ச்சல் தம்பி. எவ்ளோ குடிச்சாலும் தாகம் அடங்கல” என்றாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். “சூரத்துல என் பிள்ள கீறான். ஏழுமலைன்னு பேரு. ஜரிகைக் கடையில வேல. அவனுக்கு ஒரு தந்தி குடுக்கணும்.”

“என்னன்னு குடுக்கணும்மா?”

“வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லிட்டாங்க. போனா திரும்பி வருவனோ, மாட்டனோ. நான் உசுரோட கீறப்பவே வந்து ஒரு தபா மூஞ்சியக் காட்டிட்டுப் போடான்னு எய்து.”

நான் எழுதினேன். ‘மதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி.’ கை தானாக ஓடியது. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை எழுதுகிற வாசகம் அது. வேதாசலம் சார் பென்சிலால் தொட்டு எண்ணி, தலையசைத்து, என்னிடமே திருப்பித் தந்தார். அனுப்புகிறவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. படித்தேன். இங்கிலீஷ் தெரியாதவளுக்குப் படித்துக் காட்டி என்ன பிரயோஜனம்?

“நான் சொன்னதத்தான எய்தின?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா” என்றேன்.

கைநாட்டு வைத்தாள். வேலூருக்குத் தட்டினேன், அவர்கள் திருப்பித் தட்டிச் சரிபார்த்தார்கள், நேரத்தை எழுதித் தாளைக் கம்பியில் குத்தினேன். அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அவள் உயிரோடிருக்கிறாள் என்ற ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் அந்தக் காய்ச்சலோடு நடந்து வந்திருந்தாள். அந்த ஒன்றை மட்டும் நான் விட்டுவிட்டேன் என்பது அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தாள். சுவரைப் பிடிக்காமல் வந்தாள். காய்ச்சல் விட்ட முகம் தெளிவாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

“பிள்ள வந்தானாம்மா?”

“வந்தான் தம்பி. மொட்டையோட வந்தான்.”

எனக்குப் புரியவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து சாவகாசமாகச் சொன்னாள்.

“வாசப்படியில குந்திகினு தார் சுத்திகினு இருந்தேன். பஸ் ஸ்டாண்டுலருந்து நடந்து வந்துகினு கீறான். மொட்டத் தல. தோள்ல துண்டு. யார் வூட்டு சாவுக்கோ வந்தவன்னு நென்ச்சேன். கிட்ட வந்து என்னப் பாத்தான். அப்படியே மண்ணுல குந்திட்டான். ‘இன்னாடா கோலம் இது’ன்னு கேட்டா வாயே தொறக்கல. அப்புறம் சொல்றான், தந்தி வந்ததும் அங்க கீற நம்மூரு ஆளுங்கல்லாம் சேந்து, ரெண்டு நாள் ரயில்ல போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும், இங்கியே செஞ்சிடுன்னு ஆத்தங்கரைக்கு இஸ்துகினு போயி, மொட்ட போட்டு, எனக்கு எள்ளும் தண்ணியும் உட்டுட்டு வந்துகீறான்.”

வேதாசலம் சார் பின்னால் வந்து நின்றிருந்தார். அவர் பென்சில் கீழே விழுந்து உருண்டது. குனிந்து எடுக்கவில்லை.

சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினேன்.

“வோணாம்” என்றாள். “எனக்குத் தாகமே எடுக்கறதில்ல.”

“எப்பலேர்ந்து?”

“அந்த வியாழக்கிழம மத்தியானத்துலருந்து. தவிச்சுகினு படுத்துகினு இருந்தேன். திடீர்னு தொண்டையில யாரோ ஜில்லுனு தண்ணி ஊத்துன மாதிரி இருந்துச்சு. அதோட தாகமும் போச்சு, காய்ச்சலும் போச்சு. பிள்ளையக் கேட்டேன், எப்படா எனக்குத் தண்ணி உட்டேன்னு. வியாழக்கிழம மத்தியானம்னு சொல்றான்.”

அவள் போன பிறகு பதிவேட்டைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை தந்தி. புதன்கிழமை சூரத்தில் கொடுத்திருப்பார்கள். வியாழன் சரியாகத்தான் வந்தது. நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. காய்ச்சல் இறங்கினால் தாகமும் இறங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாலை வீட்டுக்குப் போய், அவசியமில்லாமல் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

ஏழுமலை இரண்டே நாளில் சூரத்துக்குத் திரும்பிவிட்டான். வீட்டில் அவள் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லையாம். குப்பம்மா வாரத்தில் இரண்டு நாள் மத்தியானத்தில் வர ஆரம்பித்தாள். தந்தி கொடுக்க இல்லை. அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். எதற்கு வந்தீங்கம்மா என்று ஒருநாள் கேட்டேன்.

“சும்மாதான். இங்கதான என் சாவ எய்துனாங்க” என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு செவலை நாய் கிடக்கும். தபால்காரரைப் பார்த்தே குரைக்கிற நாய். அவள் அதைத் தாண்டி வரும்போது தலைகூடத் தூக்காது. எத்தனை பேர் அழுதாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் வேதாசலம் சார், அவள் படியேறுகிற சத்தம் கேட்டால் பின்னறைக்குப் போய்விடுவார். அவள் தெருவிலும் அப்படித்தான். மொட்டையோடு மகன் வந்த வீட்டுக்குப் பத்திரிகை வைக்க யாரும் போகவில்லை. எதிரே வந்தால் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். “யாரும் வான்னு சொல்றதில்ல, போன்னும் சொல்றதில்ல தம்பி” என்றாள். மாதத்துக்கு மாதம் இளைத்துக்கொண்டே போனாள். ரவிக்கைக் கை தோளில் தொங்கியது.

ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று. ஒருநாள் மடியிலிருந்து ஒரு இன்லண்டு கடிதத்தை எடுத்து நீட்டினாள். சூரத்திலிருந்து வந்தது.

“பக்கத்து வூட்டுப் பொண்ணு பாதி படிச்சிட்டு மூஞ்சியத் திருப்பிகிச்சு. நீ படி.”

படித்தேன். ‘அம்மாவுக்கு ஏழுமலை எழுதுவது. ஒரு தடவை எள்ளும் தண்ணீரும் விட்டால் நிறுத்தக் கூடாதாம், நிறுத்தினால் ஆன்மா அலையும் என்று இங்கே பெரியவர்கள் சொல்கிறார்கள். அதனால் அமாவாசைக்கு அமாவாசை விட்டு, சோறும் வைத்து வருகிறேன். நீ உயிரோடு இருப்பதாக உன் பேரில் மூன்று கடிதம் வந்தது. எல்லாம் யாரோ எழுதியது போல இருக்கிறது. அன்றைக்கு வாசலில் நான் பார்த்தது நீதானா என்று எனக்குத் தெரியவில்லை. வர பயமாக இருக்கிறது. நீயாக இல்லாவிட்டால் என்னை மன்னித்து விட்டுவிடு.’

கடைசி வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்தேன். அவள் தலையை ஆட்டினாள், கணக்கு சரியாக வந்த மாதிரி.

“அதான் பாத்தேன். அமாவாசைன்னா காத்தாலருந்தே வயிறு நெறஞ்சிடுது. ஒரு பருக்க உள்ள எறங்கல. இப்ப மத்த நாள்லயும் பசிக்கிறதில்ல. தம்பி, அவன் நிறுத்தலன்னா நான் போயிடுவேன். தந்திதான என்னச் சாவடிச்சுது? தந்தியே எயுப்பட்டும். போன தபா எய்துன மாதிரியே நல்லா எய்திக் குடு.”

போன தடவை எழுதின மாதிரி! அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். நீ சொன்னதை நான் எழுதவில்லையம்மா, எல்லாருக்கும் எழுதுகிறதை எழுதினேன், சாவுக்கு எழுதுகிற வார்த்தையை எழுதினேன், நீ கேட்டபோது பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கூண்டில் நிற்கிறவனைப் போலக் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அப்ப நீதானா” என்றாள். பஸ் வந்துவிட்டதா என்று கேட்கிற குரல்தான். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “சரி. இப்பவாச்சும் நான் சொல்றத எய்து.”

“சொல்லும்மா.”

“தண்ணி உடாதே. உசுரோட கீறேன். வா. அம்மா.”

இதை இங்கிலீஷில் போட்டால் மறுபடியும் நானோ வேறு எவனோ எழுதியதாகத்தான் ஏழுமலை நினைப்பான். தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கலாம், ஆனால் எங்கள் ஆபீசில் யாரும் அப்படிச் செய்ததில்லை. அவள் வாயில் வந்தபடியே ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். பின்னறைக் கதவைத் தட்டி வேதாசலம் சாரிடம் கொண்டு போனேன்.

பென்சிலால் தொட்டு எண்ண ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். “என்னய்யா இது, கீறேன்? ‘உயிரோடு இருக்கிறேன்’னு திருத்து. சர்க்கார் தந்தி இது.”

“திருத்தினா அது நம்ம குரல் சார். அவன் கேட்கவேண்டியது அவங்க குரல்.”

சார் பித்தான் போட்ட மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். பிறகு, அவள் வர ஆரம்பித்த இந்த ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக, கவுண்டருக்கு வந்து அவளுக்கு எதிரே நின்றார்.

“அம்மா, அவன் சின்னதுல உங்களை எப்படிக் கூப்பிடுவான்?”

“யம்மோன்னு கூப்புடுவான்.”

“அது அவன் குரல். நீங்க அவனை?”

“ஏயுமல.”

சாரே குனிந்து தாளின் முதலில் அந்தப் பெயரை அவள் சொன்னபடியே எழுதினார். ‘ஏயுமல. தண்ணி உடாதே. உசுரோட கீறேன். வா. அம்மா.’ அவர் கையில் ஒரு வார்த்தை தப்பாக எழுதி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நான் தட்டினேன். வேலூர் திருப்பித் தட்டும்போது எல்லாம் சரியாக வந்தது, ‘உசுரோட’ மட்டும் வரவில்லை. அந்த இடத்தில் லைனில் ஏதோ இரைச்சல். மறுபடி அனுப்பினேன். மறுபடியும் அந்த ஒரு வார்த்தை மட்டும் விட்டுப்போய் வந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே. வானம் வெளுத்துக் கிடந்தது, மழை இல்லை, இடி இல்லை. குப்பம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மோர்ஸ் என்ன தெரியும்? ஆனால் எங்கே நிற்கிறது என்று தெரிந்துதான் இருந்தது. நான்காவது தடவை ஒவ்வொரு எழுத்தாக, பயிற்சியில் முதல் நாள் அடித்த மாதிரி, நிறுத்தி நிறுத்தி அடித்தேன். திரும்பி வந்தது. முழுசாக வந்தது. வேதாசலம் சார் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

ஆறு நாள் கழிந்தது. இடையில் ஓர் அமாவாசையும் வந்து போனது. அன்று அவள் வரவில்லை. போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏழாம் நாள் மத்தியானம் படியில் இரண்டு பேர் ஏறுகிற சத்தம். வாசலில் செவலை நாய் குரைத்தது. விடாமல் குரைத்தது. முதலில் ஓர் ஆள் உள்ளே வந்தான். கையில் மடித்து மடித்து நைந்துபோன தந்தித் தாள். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தேன். எண்ணெய் வைத்து வாரிய முடி.

அவன் பின்னால் குப்பம்மா. நாற்காலிப் பக்கம் போகவே இல்லை.

“கடையில நின்னுகினு வாய் உட்டுப் படிச்சேன் சார்” என்றான் ஏழுமலை. “பேரப் படிச்சதுமே எங்கம்மா கூப்புட்ட மாதிரியே இருந்துச்சு. இந்த அமாவாசைக்கு நான் ஒண்ணும் உடல. நேரா ரயில் ஏறிட்டேன்.”

“அமாவாசையன்னைக்கு மத்தியானம் பசிச்சுது தம்பி” என்றாள் அவள். “ஒரு வாய் சோறு துன்னேன்.”

பிறகு பானையைக் காட்டி, “ஒரு சொம்பு தண்ணி குடு. தொண்ட வறண்டு போச்சு” என்றாள்.

மொண்டு கொடுத்தேன். சொம்பு உதட்டில் படாமல் அண்ணாந்து, தொண்டைக்குழி ஏறி இறங்கக் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்தாள். ஏழுமலை சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதான். வேதாசலம் சார் மணிக்கட்டுப் பித்தானைக் கழற்றி, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் மறைத்தது. வெளியே நாய் இன்னும் குரைத்துக்கொண்டிருந்தது. அதை அதட்ட எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

ஏழுமலை ஆரணியிலேயே தங்கிவிட்டான். குப்பம்மா அதற்குப் பின் ஏழெட்டு வருஷம் இருந்தாள். அவள் போன அன்று அவன் பக்கத்தில் இருந்தான், தந்தி எதுவும் தேவைப்படவில்லை. அப்போது எங்கள் ஆபீசிலும் தந்தி குறைந்து, எல்லாரும் போனில் பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்தத் தந்திக்குப் பிறகு, சாகாதவர்களுக்கு ‘ஸ்டார்ட்’ என்று நான் அடித்ததில்லை. வருகிறவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். சார் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை.

இப்போது நான் தனியாக இருக்கிறேன். மகள் வெளிநாட்டில். சில நாள் மத்தியானத்தில் ஏதோ படித்துக்கொண்டிருப்பேன், காலையிலிருந்து தாகமே எடுக்கவில்லை என்பது சட்டென்று உறைக்கும். உடனே எழுந்துவிடுவேன். தாகம் இருக்கிறதோ இல்லையோ, ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து குடிப்பேன். அது தொண்டையில் இறங்குவது தெரிகிறவரை உட்கார மாட்டேன். பிறகு மகளுக்குப் போன் பண்ணுவேன்.

“என்னப்பா, இந்த நேரத்துல?” என்று பயந்து கேட்பாள்.

“ஒண்ணுமில்லம்மா. உசுரோட கீறேன்” என்பேன்.